பழைய டிரக்கும் பதினெட்டு வயசுப் பாட்டும்... அமெரிக்க அப்பாக்கள் ஏன் விடமாட்டேங்கிறாங்க?

1991-ல் அமெரிக்க டிவிகளில் ஒரு விளம்பரம் வர ஆரம்பித்தது. கரடுமுரடான பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு அசராமல் போகும் ஷெவர்லே டிரக். பின்னணியில் கரகரப்பான குரலில் ஒரு ராக் பாட்டு. பாப் சீகர் பாடிய 'லைக் எ ராக்'. 'பாறையைப் போல' என்று அர்த்தம். டிரக் விற்க இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்குமா என்ன? அந்தப் பாட்டை வைத்துக்கொண்டே 2004 வரை விளம்பரத்தை ஓட்டினார்கள். ஒரு தலைமுறைக்கே அந்தப் பாட்டும் டிரக்கும் ஒட்டிப்போய்விட்டன.

ஆனால், பாட்டை முழுசா கேட்டவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அதில் டிரக்கே கிடையாது. நடுவயதில் நிற்கிற ஒரு மனிதர், தன்னுடைய 18 வயசைத் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான் பாட்டு. 1986-ல் அந்த ஆல்பம் வெளிவந்தபோது சீகருக்கு 40 வயது.

விளம்பரக்காரர்கள் தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ... சரியான நரம்பைத் தொட்டுவிட்டார்கள். ஏனென்றால், அமெரிக்காவில் பழைய டிரக் மேல் பைத்தியமாக இருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இன்ஜினில் ஆரம்பிக்கிற பேச்சு சீக்கிரமே பாட்டுக்கு வந்துவிடும். பாட்டில் ஆரம்பித்தால் டிரக்குக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே செட்!

அமெரிக்காவில் உங்களுக்கு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், அவர் பக்கத்து வீட்டு கராஜில் இப்படி ஒரு பெரியவரை நிச்சயம் பார்த்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ரேடியோவைப் பாட விட்டு, கையில் கிரீஸோடு நிற்பவர். புது வண்டி வாங்க வசதி இருந்தும், எதற்கு இந்தப் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறார்? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

டிரக்னா நம்ம ஊர் லாரி இல்லை

முதலில் ஒரு சின்னத் தெளிவு. அமெரிக்கர்கள் 'டிரக்' என்று செல்லமாகச் சொல்வது பெரும்பாலும் பிக்கப் வண்டியை. முன்னால் ஒரு கேபின், பின்னால் திறந்த தொட்டி. நம்ம ஊரில் தண்ணீர் கேன், காய்கறி மூட்டை ஏற்றிப்போகும் சின்ன யானையையும் பொலேரோ பிக்கப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதையே இரண்டு மடங்கு ஊதிவிட்டால் அமெரிக்க பிக்கப்.

1925-ல் ஃபோர்டு நிறுவனம், தன் புகழ்பெற்ற மாடல் டி காரின் பின்புறத்தில் தொட்டியைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே தயாராக விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். அதுவரை விவசாயிகள் காரை வாங்கி, பின்பக்கத்தை அறுத்து, தாங்களே மரப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதாவது, பிறக்கும்போது பிக்கப் ஒரு கருவி மட்டும்தான். மண்வெட்டி, கடப்பாரை மாதிரி.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கதை மாறியது. 1947-ல் ஷெவர்லேயின் புது வடிவ டிரக்குகள் வந்தன. 1948 மாடலாக ஃபோர்டின் எஃப் வரிசை வந்தது. வளைந்த பானெட், உருண்ட முகம், கொஞ்சம் வசதியான சீட். 1950களின் நடுவில் ஷெவர்லே டிரக்கிலும் வி8 இன்ஜின் வந்து உட்கார்ந்தது, பளபள குரோமும் சேர்ந்துகொண்டது. 1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10-ஐ பார்த்தால், வேலைக்கார வண்டி என்று சொல்லவே தோன்றாது. அவ்வளவு லட்சணம்! இன்றைக்கும் ரசிகர்கள் அதிகம் தேடுகிற மாடல்களில் அது ஒன்று.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சின்ன டிரக்குகள் மீது 1964-ல் அமெரிக்கா 25 சதவிகித வரி போட்டது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடி! அதனால் அதற்குப் பெயரே 'சிக்கன் டாக்ஸ்'. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. டிரக் வரி இன்னும் இருக்கிறது. விளைவாக, பிக்கப் சந்தை பெரும்பாலும் ஃபோர்டு, ஷெவர்லே, டாட்ஜ் கையிலேயே தங்கியது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அதே சில முகங்கள்தான். 'எங்க தாத்தாகிட்டயும் இதே வண்டி இருந்துச்சு' என்று இத்தனை பேர் சொல்ல முடிகிறது என்றால், அதில் அந்தக் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்பா கொடுத்த சாவி

1960களில், 70களில் ஒரு பண்ணை வீட்டுப் பையன் முதன்முதலில் ஓட்டிப் பழகியது பெரும்பாலும் இந்த டிரக்கில்தான். வயலுக்குள் ஓட்ட லைசென்ஸ் யாரும் கேட்கப்போவதில்லை. கால் கிளட்சுக்கு எட்டினால் போதும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி, நம்ம அம்பாசிடரில் இருந்த மாதிரி. மூன்று பேர் ஒட்டி உட்காரும் நீள பெஞ்ச் சீட். ஹெட்லைட்டை டிம் பண்ண காலடியில் ஒரு பட்டன். காலையில் கிளம்ப சோக்கை இழுக்க வேண்டும். ஏ.சி கிடையாது. கதவு ஓரத்தில் இருக்கும் குட்டி முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் வரும் காற்றுதான் ஏ.சி.

வயல் வேலைக்குத் தேய்ந்துபோன அந்த வண்டி, பையனுக்கு 16 வயது ஆனதும் அவனுக்குக் கைமாறும். புது கார் வாங்கித் தர அப்பாவிடம் பணம் இருக்காது. பழைய டிரக் இருக்கும். இனி அவன் எங்கே போகிறான், எப்போது வருகிறான் என்று வீட்டில் யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல், முதல் விபத்து என எல்லாமே அந்த பெஞ்ச் சீட்டில். ஒரு ஊரில் ஒரு தலைமுறை 'பெரிய ஆள்' ஆனது அந்த கேபினுக்குள்தான்.

சரி, அந்த கேபினுக்குள் பாட்டு எப்படி வந்தது?

மூணு நிமிஷ ரேடியோவிலிருந்து எட்டு நிமிஷப் பாட்டுக்கு

ஆரம்பத்தில் டிரக்கில் இருந்தது ஏ.எம் ரேடியோ. அதுவும் கூடுதல் காசு கொடுத்தால்தான். ஒரே ஒரு ஸ்பீக்கர். அந்த ஏ.எம் நிலையங்களில் மூன்று நிமிட ஹிட் பாட்டுகளும் இடையிடையே விளம்பரமும் ஓடும். எஃப்.எம் என்று ஒன்று இருந்தாலும், பல நிறுவனங்கள் ஏ.எம்-ல் போவதையே எஃப்.எம்-லும் ஓட்டிக்கொண்டிருந்தன.

1960களின் நடுவில் அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பெரிய நகரங்களில், ஏ.எம் நிகழ்ச்சியை நாள் முழுக்க எஃப்.எம்-ல் அப்படியே நகலெடுக்கக் கூடாது. பாதி நேரமாவது தனி நிகழ்ச்சி வேண்டும். நிறுவனங்கள் முழித்தன. புதுசா எதைப் போட்டு நேரத்தை நிரப்புவது? இளைஞர்களைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது ராக் ஆல்பங்களை. ஹிட் பாட்டு மட்டும் என்றில்லாமல், ஆல்பத்தில் இருக்கும் நீளமான பாட்டுகளையும் முழுசாகப் போட்டார்கள். இரவு நேரத்தில், தணிந்த குரலில், நண்பன் மாதிரி பேசினார்கள்.

இதற்கு நல்ல உதாரணம், லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. 1971-ல் வந்த, கிட்டத்தட்ட 8 நிமிடப் பாட்டு. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அது தனி சிங்கிளாக விற்பனைக்கே வரவில்லை. ஆனாலும், அதை எஃப்.எம் நிலையங்கள் ஓட்டித் தள்ளின. பாட்டு வேண்டுமா? முழு ஆல்பத்தையும் வாங்கு. வாங்கினார்கள்!

வண்டிக்குள் சொந்தமாகப் பாட்டு வைத்துக்கொள்ளவும் ஒரு வழி பிறந்தது. சின்ன ஜெட் விமானங்கள் தயாரித்த பில் லியர் என்பவர் எய்ட்-டிராக் டேப்பை உருவாக்கினார். 1966 மாடல் கார்களில் ஃபோர்டு அதைக் கொடுக்க ஆரம்பித்தது. நம்ம கேசட்டைவிடப் பெரிய, தடிமனான டப்பா. உள்ளே டேப் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். சில சமயம் பாட்டின் நடுவிலேயே சத்தம் தேய்ந்து, 'டக்' என்று மாறி, மிச்சப் பாட்டு தொடரும். இன்றைக்கும் 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தப் பாட்டை ஸ்ட்ரீமிங்கில் போட்டால், சரியாக அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு 'டக்' கேட்கும்!

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், ஆல்மன் பிரதர்ஸ், லினர்ட் ஸ்கினர்ட், ஈகிள்ஸ், ஃப்ளீட்வுட் மேக், இசட் இசட் டாப்... இந்தப் பெயர்கள் எல்லாம் அந்த டப்பாக்களின் முதுகில் ஒட்டியிருந்தவை. 1980களில் ரேடியோ நிலையங்கள் இவற்றை மொத்தமாகக் கட்டி 'கிளாசிக் ராக்' என்று பெயர் வைத்தன. அன்றைக்கு அந்த ரசிகர்கள் முப்பதுகளில்தான் இருந்தார்கள். அதற்குள் அவர்களுடைய பாட்டு 'கிளாசிக்' ஆகிவிட்டது.

இருபது வயசுல மூளை என்ன பண்ணுது?

இப்போது முக்கியமான கேள்வி. ஏன் அந்த வயதின் பாட்டு? ஏன் அந்த வயதின் வண்டி? அதற்குப் பிறகும் நல்ல பாட்டுகள் வந்தனவே, நல்ல வண்டிகள் வந்தனவே!

உளவியலில் இதை 'நினைவு மேடு' என்கிறார்கள். வயதானவர்களிடம் 'உங்கள் வாழ்க்கையில் ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள்' என்று கேட்டு, சொன்ன சம்பவங்களை வயது வாரியாகக் கோடு போட்டுப் பார்த்தால், 10 முதல் 30 வயது வரையிலான காலத்தில் கோடு மேடு மாதிரி எழும்பி நிற்கும். நாற்பதுகளில் நடந்ததைவிட இருபதுகளில் நடந்தது அதிகமாக, தெளிவாக ஞாபகம் வரும். காரணங்களாகப் பல சொல்கிறார்கள். எல்லாமே 'முதல் தடவை' நடக்கிற வயது அது. நாம் யார் என்று நமக்கே முடிவாகிற வயது. முதல் தடவை நடப்பதை மூளை அழுத்திப் பதிகிறது. நூறாவது தடவை நடப்பதைப் போகிற போக்கில் விட்டுவிடுகிறது.

மாரிஸ் ஹால்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு சந்தை ஆய்வாளர்கள் 1989-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பல வயதுக்காரர்களுக்கு, பல ஆண்டுகளின் ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று மார்க் போடச் சொன்னார்கள். அதிகம் பிடித்தவை, அவரவருக்குச் சுமார் 24 வயது இருந்தபோது வந்த பாட்டுகள்! அதே இருவர் 2003-ல் கார்களின் வடிவங்களை வைத்தும் சோதித்தார்கள். ஆண்களிடம் அதே கதை. இளமையில் தெருவில் ஓடிய வண்டிகளின் வடிவம்தான் கடைசி வரை அழகாகத் தெரிந்தது. பெண்களிடம் வண்டி விஷயத்தில் இந்த மேடு தெரியவில்லை.

பெண்களுக்கு வண்டி பிடிக்காது என்று அவசரப்பட்டு அர்த்தம் எடுக்க வேண்டாம். அந்தத் தலைமுறையில் 16 வயதில் சாவி யார் கையில் கொடுக்கப்பட்டது என்று யோசித்தால் போதும். பழகாத பொருள் மேல் ஏக்கம் எப்படி வரும்?

ஆக, டிரக்கும் பாட்டும் ஒரே செட்டாக இருப்பதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே வயதில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மனசுக்குள் பதிந்தவை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எழுந்து வருகிறது.

இது சந்தோஷ ஞாபகம் மட்டுமே என்றும் நினைக்காதீர்கள். அந்த இளைஞர்கள் காலத்தில்தான் வியட்நாம் போர். கட்டாய ராணுவச் சேவைக்கு யாரை எடுப்பது என்று 1969 டிசம்பரில் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். 1973-ல்தான் கட்டாய அழைப்பு நின்றது. வாஷிங்டனில் இருக்கும் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பெஞ்ச் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்ட நண்பனின் பெயர் அந்தச் சுவரில் இருக்கும் ஒருவருக்கு, அந்தப் பாட்டு எப்படிக் கேட்கும்? பக்கத்து வீட்டுப் பெரியவர் சில பாட்டுகள் வரும்போது வேலையை நிறுத்திவிட்டு அமைதியாக நிற்கிறார் என்றால், காரணம் இருக்கலாம்.

கையால் தொடக்கூடிய ஞாபகம்

பாட்டை மறுபடி கேட்கலாம். போட்டோவை மறுபடி பார்க்கலாம். டிரக்கில் இன்னொரு வசதி இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டலாம்!

பழைய டிரக்கின் பானெட்டைத் திறந்தால், இன்ஜினைச் சுற்றி ஆளே உள்ளே இறங்கி நிற்கலாம் போல இடம் இருக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டர் அடைத்திருக்கிறதா? கழற்றிச் சுத்தம் பண்ணு. ஸ்டார்ட் ஆகவில்லையா? பாயின்ட்டைத் தேய்த்துப் பார், பிளக்கை மாற்று. ஃபோர்டின் ஆறு சிலிண்டர் 300 இன்ஜின் 1965 மாடலில் ஆரம்பித்து 1996 வரை வந்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஏறக்குறைய அதே அடிப்படை வடிவம்! ஒரு தடவை கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும்.

இன்றைய டிரக்கில் சென்சார் எரிந்தால் லேப்டாப் வேண்டும். சில வேலைகளுக்கு நிறுவனத்தின் மென்பொருளே வேண்டும். அமெரிக்காவில் இதற்காகவே 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று பெரிய போராட்டம் நடக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் வாகனங்களுக்காகவே ஒரு சட்டம் போட்டது. 2020-ல் அங்கே வாக்காளர்கள் அதை விரிவாக்க ஓட்டுப் போட்டார்கள்.

இந்தப் பின்னணியில் யோசியுங்கள். 70 வயது. உடம்பு சொன்ன பேச்சு கேட்பதில்லை. போன் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தன்னையே மாற்றிக்கொள்கிறது. அப்படி இருக்கும்போது, ஸ்குரூ டிரைவரை எடுத்துத் திருகினால் சரியாகிற ஒரு பொருள் கைக்குள் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

மூன்று கட்சிகள்

பழைய டிரக் ரசிகர்களுக்குள் மூன்று கட்சிகள் உண்டு. சண்டையும் உண்டு.

முதல் கட்சி, 'ஒரிஜினல்' கட்சி. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எந்தப் பெயின்ட், எந்த நட்டு, எந்த ரப்பர் இருந்ததோ, அதேதான் இருக்க வேண்டும் என்பவர்கள். சி10 போன்ற மாடல்களுக்குக் கதவு ரப்பரிலிருந்து மொத்த மட்கார்டு வரை புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள் என்பதால் இவர்கள் பாடு பரவாயில்லை.

இரண்டாவது, 'பட்டினா' கட்சி. வெயிலில் வெளுத்த பெயின்ட், கீறல், பாதி அழிந்த பண்ணையின் பெயர் எதையும் தொடக் கூடாது என்பார்கள். இன்ஜினையும் பிரேக்கையும் சரிசெய்துவிட்டு, வெளியே அப்படியே விட்டுவிடுவார்கள். கதவில் இருக்கும் ஒடுக்கு, அப்பா 1974-ல் வேலிக்கம்பத்தில் மோதியது என்றால், அதைத் தட்டிச் சமமாக்க யாருக்குத்தான் மனசு வரும்?

மூன்றாவது, 'ரெஸ்டோமாட்' கட்சி. வெளியே பழசு, உள்ளே புதுசு. புது வி8, புது பிரேக், ஏ.சி, புளூடூத். ஃபோர்டு நிறுவனமே 2021-ல் தன்னுடைய 1978 மாடல் எஃப்-100-க்குள் மின்சார மோட்டார்களை வைத்து ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது. முதல் கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்!

மூன்று கட்சிக்கும் பொது எதிரி ஒன்று உண்டு. துரு. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனி உருக, சாலையில் உப்பு கொட்டுவார்கள். உப்பு வண்டியை அடியிலிருந்து தின்றுவிடும். அதனால்தான் அரிசோனா, நியூ மெக்ஸிகோ போன்ற வறண்ட மாநிலங்களிலிருந்து வரும் பழைய வண்டிக்கு மவுசு. பெயின்ட் வெளுத்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், தகடு கெட்டியாக இருக்கும்.

ரொமான்ஸ் சரி... ரிஸ்க்?

இதைச் சொல்லாமல் போனால் தப்பு. பழைய டிரக் அழகு, ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் பயமுறுத்தும்.

1970களின் தொடக்கம் வரை வந்த பல மாடல்களில் பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தது தெரியுமா? கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால்! முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். பழைய மாடல்களில் பிரேக்குக்கு ஒரே ஒரு ஆயில் பாதை. எங்காவது ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கர பிரேக்கும் காலி. தோள் பெல்ட் கிடையாது. மோதினால் நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற வடிவமைப்பும் கிடையாது. ஸ்டீயரிங் கம்பி நேராக நெஞ்சை நோக்கி நிற்கும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், மற்றதில் எவ்வளவு 'ஒரிஜினல்' பேசினாலும், மூன்று விஷயத்தில் சமரசம் செய்துகொள்கிறார்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், இரண்டு பாதை கொண்ட பிரேக் சிலிண்டர், தோள் பெல்ட். டேங்க்கை வண்டிக்கு அடியில் மாற்றுவதும் உண்டு. பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போக ஆசைப்படுகிற தாத்தா, இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சாவி அடுத்து யாருக்கு?

போருக்குப் பிறகு, 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைத்தான் அமெரிக்காவில் 'பூமர்' என்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் இப்போது 80-ஐ நெருங்கிவிட்டார்கள். கராஜில் நிற்கிற டிரக்கை அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி பல வீடுகளில் வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர்களுடைய 'நினைவு மேடு' வேறு. 80களில் வளர்ந்தவர்களுக்கு, 1973 முதல் 1987 வரை வந்த சதுர முக ஷெவர்லேதான் கனவு. இன்னும் இளையவர்கள் ஜப்பானிலிருந்து 660 சிசி குட்டி டிரக்குகளை இறக்குமதி செய்கிறார்கள். 25 வருஷம் ஆன வண்டி என்றால் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால் இது சாத்தியம். ஆசை அப்படியேதான் இருக்கிறது. அந்தந்தத் தலைமுறைக்கு வேறு வண்டி, வேறு பாட்டு.

வண்டியை விற்றுவிடலாம், வாங்க ஆள் இருக்கிறது. அதோடு சேர்ந்த கதைதான் பிரச்னை. அந்த ஒடுக்கு எப்படி விழுந்தது, டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் யார் ஒட்டியது, எந்தப் பாட்டு ஓடும்போது அம்மாவிடம் முதல் தடவை பேசினார்... இதெல்லாம் ஆர்.சி புக்கில் இருக்காது. கேட்டால்தான் வரும். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அல்சைமர் நோயில் பெயர்கள், முகங்கள், இன்று காலை என்ன சாப்பிட்டோம் என்பதெல்லாம் நழுவிப்போன பிறகும், இளமையில் கேட்ட பாட்டு பலரிடம் நீண்ட நாள் தங்குகிறது. பாட்டோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் சில அந்த நோயில் தாமதமாகத்தான் பாதிக்கப்படுகின்றன என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேச்சு நின்றுபோன ஒருவர் பழைய பாட்டு வந்ததும் தாளம் போடுவதைப் பராமரிப்பாளர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். பாட்டு நோயைக் குணமாக்காது. அந்த நேரத்துக்கு அவரை நம் பக்கம் கொஞ்சம் திருப்பும். அதற்கு, அவருடைய பாட்டு எது என்று நமக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இருக்கும் டிரக்

'எங்க அப்பாகிட்ட டிரக்கெல்லாம் இல்லையே' என்கிறீர்களா? இருக்கும். வேறு பெயரில் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நிற்கும் யெஸ்டி, ஓடாத லாம்ப்ரட்டா, விற்க விடாமல் வைத்திருக்கும் டேப் ரெக்கார்டர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது 18 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது 70-ஐ நெருங்கும் வயது. கணக்கு அதேதான். அமெரிக்கருக்கு சீகர் என்றால், இவருக்கு இளையராஜா.

வண்டியை முறைப்படி காப்பாற்ற நினைத்தால் நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். வண்டியின் மூல வடிவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்கு இல்லை. சரக்கு ஏற்றிய வணிக லாரிகளுக்கு இது பொருந்தாது.

அதெல்லாம் பிறகு. அதற்கு முன், இந்த வாரம் செலவே இல்லாத ஒரு வேலை. அப்பாவோ பெரியப்பாவோ தாத்தாவோ, அவர் பிறந்த வருஷத்தோடு 18 முதல் 24 வரை கூட்டிப் பாருங்கள். அந்த வருஷங்களில் வந்த பாட்டுகளில் பத்தை எடுத்து, அடுத்த தடவை சேர்ந்து வண்டியில் போகும்போது போடுங்கள். எதுவும் கேட்க வேண்டாம். ஐந்தாவது பாட்டுக்குள் அவரே 'இந்தப் பாட்டு வந்தப்ப...' என்று ஆரம்பித்துவிடுவார். நீங்கள் போனில் ரெக்கார்டரை ஆன் செய்ய மறக்காதீர்கள். அம்மாவுக்கும் இதே கணக்குதான். சாவி கைக்கு வராவிட்டாலும், பாட்டு அவருக்கும் வந்திருக்கும்.